காருக்கு வைத்த மீசை

சண்முகப்பிரியாவிடம் லைசென்ஸ் இருந்தது, கார் சாவி இல்லை. அது அவள் புருஷன் வக்கீல் பரமேஸ்வரனின் இடுப்பை விட்டு இறங்காது. தென்காசியில் அவர்கள் வீடு ஒரு சந்தின் கடைசியில். அந்தச் சந்தில் ஓட்டும்போது அவரே மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. கூட வேலை பார்க்கும் டீச்சர்களைத் தானே ஓட்டி ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாக அவள் வாய் விட்டுவிட்டாள்.

"ஒரு கீறல் இல்லாம மெயின் ரோட்டுக்குக் கொண்டு போ, சாவி ஒனக்கு. கீறல் விழுந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார் வக்கீல்.

அவள் விலங்கியல் டீச்சர். "வளைக்குள்ள பெருச்சாளி லைட்டு போட்டுக்கிட்டா போவுது? மீசையாலதான் தடவிப் போவுது," என்று காரின் முன்னால் இரண்டு ஓரத்திலும் வாசல் பெருக்கும் ஈர்க்கு வாரியலைக் கட்டினாள்.

கொஞ்ச தூரத்திலேயே ஈர்க்குகள் சுவரில் பட்டு வளைந்தன. உள்ளே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நடந்துபோன வக்கீல் திரும்பிப் பார்த்துப் போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தாள். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு தலையில் தட்டிக்கொண்டாள். பாடம் நடத்துகிறவளுக்கே மறந்துபோயிற்றே. மீசை முடிக்கு உணர்ச்சி கிடையாது. முடி வளைந்தால் தோலுக்குள் வேர் அசையும். அந்த வேர் ஒரு ரத்தப் பைக்குள் உட்கார்ந்திருக்கும், நரம்பெல்லாம் அங்கேதான் வந்து சேரும். எந்தப் பக்கம், எவ்வளவு வளைந்தது என்று மூளைக்குச் சொல்வது அந்த நரம்புதான். அவள் காருக்கு முடி வைத்தாள், வேர் வைக்கவில்லை.

"நீங்க பானட்ல ஏறி உக்காருங்க. நீங்கதான் வேர்."

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? எதிர்வீட்டுப் பொன்செல்வி பாக்குதா."

"பாக்கட்டும். கீறல் விழுந்தா யாரு காருக்கு?"

காருக்காக அவர் எதையும் செய்வார். பேண்ட் பட்டன் உரசாமலிருக்கப் பெட்ஷீட்டை விரித்து, வாரியல்களை அவிழ்த்துக் கைக்கொன்றாகப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். அவர் முதுகு முன்கண்ணாடியை முக்கால்வாசி மறைத்தது. பெருச்சாளிக்கும் வளைக்குள் ஒன்றும் தெரியாது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"வலது வளையுது. நீ இப்ப ஸ்டியரிங்க லேசா ஒடிச்சு, பிரேக்க..."

"வளைஞ்சத மட்டும் சொல்லுங்க. நரம்பு யோசனை சொல்லாது."

கோர்ட்டில் ஜட்ஜுகூட அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அதன்பிறகு வலது வளையுது, இடது வளையுது என்று மட்டும் ஒப்பித்தார். ஓரிடத்தில் "ரெண்டும் வளையுது" என்று அலறினார். பெருச்சாளியாக இருந்தால் அங்கேயே பின்வாங்கியிருக்கும். இவள் மிரர்களை மடக்கிவிட்டு உருட்டினாள்.

மெயின் ரோடு வந்ததும் வக்கீல் குதித்திறங்கி, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அத்தனையும் அவருடைய இரண்டு முழங்கைகளில் இருந்தன.

"இது கணக்குல வராதாட்டி?"

"நாம பேசினது காரப் பத்தித்தான."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வண்டியை நகர்த்தும்போது கண்ணாடியை இறக்கினாள்.

"கைக்கு மருந்து போட்டுக்கிடுங்க. சாயங்காலம் போன் பண்ணுதேன், வாரியலோட இங்கன வந்து நில்லுங்க. காரு வீட்டுக்கு வரணும்லா?"