பதினேழாம் எண்ணின் எச்சில்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் ஈறு வலியில் பிறந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது, பக்கத்து அறையில் ஓர் இளம் டாக்டர், "குறைஞ்சிருக்குது! பாதிக்குப் பாதி!" என்று கத்தினாள். என்ன குறைந்தது என்று கேட்க வாயை மூட முடியவில்லை. மீதியை நானே எழுதவேண்டியதாயிற்று.

முதல் தொடக்கம்: 'நம் வாய்க்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்…' (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

2

அவளுக்கு ஏஞ்சல் என்று பெயர் வைத்தேன். மேற்படிப்புக்காக ஆய்வு செய்கிறாள். வாயில் கெட்ட கிருமிகள் பெருகினால் மனமும் சோர்கிறதா? நல்ல கிருமிகள் அடங்கிய மாத்திரையைச் சப்பினால் தேறுமா? (தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள், அடித்துச் சொல்பவர் இல்லை. இது ஏஞ்சலுக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.)

ஆய்வில் பதினேழாம் எண் சிட்டிபாபு. வாலாஜாபாத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். வாரம் ஒருமுறை, எழுந்ததும் சோதனைக் குழாயில் எச்சில் பிடித்து, தூக்கம், பசி, அழுகை பற்றிய பத்துக் கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் எழுதித் தரவேண்டும். முதல் வாரம் எழுதியது: 'எதிலும் பிடிப்பில்லை.' ஆறாம் வாரம்: 'பாட்டு கேட்டேன்.' அன்று எச்சிலிலும் கெட்ட கிருமிகள் பாதியாகியிருந்தன. நான் கேட்ட கத்தல் அதுதான்.

3

ஆனால் அவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், ஈற்றைத் தொட்டதும் ரத்தம், முதல் நாள் போலவே.

"அண்ணே, மாத்திரையச் சப்புனீங்களா?"

(இங்கே அவனை ஏமாற்றுக்காரனாக்கப் பார்த்தேன். மாத்திரைகளை எங்கேயோ விற்று… வேண்டாம். அவன் அப்படிப்பட்டவனில்லை.)

"எச்சி என்னுது இல்லம்மா. என் வீட்டுக்காரி துர்காவுது. எட்டு மாசமா தறியில உக்காந்துக்கினு சும்மா வெறிச்சுப் பாத்துக்கினு இருந்தா. மனசுக்கு டாக்டர்னா தெருவே பேசும்னு வரமாட்டேன்னுட்டா. பல்லு மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தேன்."

"அந்தப் பத்துக் கேள்வி?"

"அவளத்தான் கேட்டேன். வாரத்துக்கு ஒரு தபான்னு சொன்னீங்க. நான் தினம் கேட்டேன்."

ஆறு வார உழைப்பு பாழ். ஏஞ்சல் கோபத்தோடு பதினேழாம் வரிசையின் குறுக்கே கோடு போட்டாள். பிறகு எழுந்தாள். "வீட்டுக்குக் கூட்டிக்கினு போங்க. இப்பவே."

4

பிள்ளையார்பாளையம். துர்கா தறியை நிறுத்தாமலே நிமிர்ந்தாள். ஏஞ்சல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும்மா," என்றாள் துர்கா. "பல்லு மாத்திரைக்கு யாரு 'தூக்கம் வந்துச்சா'ன்னு கேப்பாங்க?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"இந்த மனுஷன் பதினோரு வருஷத்துல என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. இப்பத்தான் கேட்டுக்கினு இருக்காரு. சொன்னா நிறுத்திடுவாரோன்னுதான்."

சிட்டிபாபு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏஞ்சல் துர்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, மனநல டாக்டரிடம் தானும் கூட வருவதாகச் சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மூவரும் ஆட்டோவில் போனார்கள்.

5

நடந்ததை ஒளிக்காமல் எழுதி ஏஞ்சல் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப அந்தம்மாவைத் தேத்துனது எது?"

ஏஞ்சல் பரபரப்போடு சொன்னாள், "சார், அது…"

(மாத்திரை என்று முடித்தேன். அடித்தேன். புருஷனின் கேள்விகள் என்று முடித்தேன். ரொம்ப இனித்தது, அதையும் அடித்தேன். இரண்டும் என்றேன், தப்பித்துக்கொள்வதுபோல் இருந்தது.)

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பேராசிரியர், ஏஞ்சல், நான் உட்பட, இதைத் துர்காவிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.