ஈயக் கோட்டின் உட்புறம்

1

"இந்தக் கோட்டப் போட்டா அம்மாவுக்கு ஒன்னும் ஆகாதா மிஸ்?"

கொரோனாக் காலத்தில், கண்டியில் ஓர் எக்ஸ்ரே அறையில், மஹய்யாவ பகுதியைச் சேர்ந்த சிறுமி மதுஷா கேட்டது இது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தாய் சீதாவுக்குக் கதிர் படாதிருக்க, படமெடுக்கும் ஸுமைரா ஈயக் கோட்டை மாட்டிவிட்டாள்.

"ஒண்டும் ஆகாது மகள்."

"யம்மாடி, என்னா கனம்! ஒரு வாரம் போட்டா நா மெலிஞ்சிருவேன்" என்று சீதா சிரித்தாள்.

ஸுமைரா எனக்குத் தந்தது இவ்வளவுதான். மற்றதை நான் எழுதுகிறேன்.

2

"ஸுமைரா கவனமில்லாதவள்" என்று தொடங்கி, அடித்துவிட்டேன். பொய். சீதாவுக்கு முன்னால் வந்த கிழவர் போனதும் மேசையைத் துடைத்தாள், படத் தட்டுக்குப் புதுப் பொலித்தீன் உறை போட்டாள், படமெடுக்கும் பொத்தானைக்கூடத் துடைத்தாள். கிழவரைத் தாங்கி நின்ற மகன் கழற்றித் தந்த கோட்டை உடனே கொக்கியில் மாட்டினாள்.

(ஈயக் கோட்டு மடிந்து கிடந்தால் உள்ளே ஈயத்தில் வெடிப்பு விழும். உடனே மாட்டுவதுதான் அவள் கற்ற ஒழுங்கு. பழகிய கை மாட்டியது, துடைக்கவில்லை.)

மறுநாள் அந்த மகனுக்குத் தொற்று என்று தெரிந்தது. அடுத்த வாரம் சீதாவுக்கு. மாதம் முடியுமுன் மதுஷாவின்

(இதை முடிக்க மனம் வரவில்லை. சீதா வீடு திரும்பவில்லை.)

3

ஆறுதலான முடிவொன்றும் எழுதிப் பார்த்தேன்: தொற்று சீதாவுக்குத் தெல்தெனிய பஸ்ஸில் வந்தது, கோட்டால் அல்ல. அப்படியும் இருக்கலாம். இதை விசாரிக்கக் கூட்டம் போட்ட ஆஸ்பத்திரி அதிகாரிகளும் "யாருடைய பிழையும் இல்லை" என்று சொல்லி, தேநீர் குடித்துக் கலைந்தார்கள். துடைக்கும் திரவத்தைப் பார்த்துச் செலவழிக்கச் சொன்னவர்கள் அவர்களேதான்.

"அல்லாஹ்தான் அறிவான். எனக்குத் தெரியாது. அதுதான் பாரம்" என்கிறாள் நான் எழுதும் ஸுமைரா.

சின்ன நன்மையும் வீண்போகாது என்று நம்புகிறவன் நான். சின்னப் பிழையும் அப்படித்தானே என்று நினைக்கையில், இந்த இடத்தில் அந்த நம்பிக்கையும் கசக்கிறது.

4

இந்த வருடம் மதுஷா கை முறிந்து வருகிறாள். முறிந்த கையைப் பிடித்துக்கொள்ளச் சித்தி. அன்று முகக்கவசத்துக்கு மேலே கண்களை மட்டுமே பார்த்ததால் மதுஷாவுக்கு ஸுமைராவை அடையாளம் தெரியவில்லை.

"கொரோனாதான் போயிருச்சே மிஸ், இன்னும் என்னத்தத் தொடைக்கிறீங்க?" என்கிறாள் சித்தி.

ஸுமைரா கோட்டின் கழுத்துப் பகுதியை இன்னொரு தடவை துடைத்து, அதைச் சித்திக்கு மாட்டுகிறாள்.

அன்று கோட்டைத் துடைக்காத உண்மையை ஸுமைரா இவர்களிடம் சொல்லவேண்டுமா? சொன்னால் யாருடைய பாரம் இறங்கும், யார்மேல் ஏறும்? நான் எழுதமாட்டேன். நீங்கள் முடிவு செய்யுங்கள்.

5

அவர்கள் போனபின் கோட்டை மேசையில் விரித்து, மூச்சுப் படும் உட்புறத்தைத் துடைக்கத் தொடங்குகிறாள். ஒவ்வொருவருக்குப் பிறகும் இப்படித்தான். யாரும் கேட்காத கடன். பார்க்க யாரும் இருக்கக் கூடாது, நானும் நீங்களும்கூட.

படமெடுக்குமுன் அவள் கூட வந்த மற்றவர்களிடம் சொல்வதுதான்: கொஞ்சம் வெளியில நில்லுங்க.

கதவைச் சாத்துகிறேன்.