வீட்ஸ்கேவின் வரிசை

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் ஜூலை மழை ஒரு வாரமாக விட்டபாடில்லை. உருளைக்கிழங்கு போட்டவர்கள் எல்லோரும் கருகல் நோய்க்குப் பயந்து மருந்தும் கையுமாக அலைந்தார்கள். வீட்ஸ்கே மட்டும் அடிக்கவில்லை. அவளுக்கு அந்த நோய் வரவேண்டும். வந்தால்தானே எந்தச் செடி தாங்குகிறது என்று தெரியும்! பூவோடு பூவைச் சேர்த்து, காய் பறித்து, விதை போட்டு, நோய் தாங்காததையெல்லாம் எட்டு வருஷமாகக் கழித்துக் கழித்து அவள் நம்பும்படி மிஞ்சியது ஒரே ஒரு வரிசை. வெள்ளிக்கிழமை விதைக் கம்பெனி ஆள் வருகிறார். மருந்தில்லாமல் அது நிற்பதை அவர் கண்ணால் பார்த்தால் பெரிய சோதனை வயலுக்குப் போகும். இல்லையென்றால் அவ்வளவுதான், கம்பெனி இனிமேல் ஆள் அனுப்பாது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி ஹெஸ்ஸலின் வயல். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாண்டி வந்தான். அவள் நிலத்தில் சுற்றியிருந்த மற்றச் செடிகளிலெல்லாம் கறுப்புப் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு வரிசையில் மட்டும் ஒன்றுகூட இல்லை. குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன் பைத்தியக்காரத்தனத்துக்கு என் வயல் கருகணுமா அக்கா? நாளைக்கே மருந்தை அடி."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுடா. அப்புறம் கருகினதையெல்லாம் நானே வெட்டிப் போட்டுடறேன்."

"நான் பொறுப்பேன், நோய் பொறுக்குமா?"

"அப்பா போனதிலேர்ந்து உனக்கு என் துண்டு நிலத்துமேலதானே கண்ணு!"

"வாயை மூடு."

மறுநாள் அவள் எழுந்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஹெஸ்ஸல் டிராக்டரின் தெளிப்புக் குழாயை வாய்க்காலுக்கு மேலே நீட்டி, அவள் துண்டு முழுவதையும் நனைத்துவிட்டுப் போயிருந்தான். படுபாவி!

வெள்ளிக்கிழமை வந்த கம்பெனி ஆள் இலையை முகர்ந்தார். "மருந்து அடிச்சிருக்கீங்களேம்மா. இது செடியோட தெம்பா, மருந்தோட தெம்பா? நான் என்னன்னு எழுதறது?"

வீட்ஸ்கே வாய்க்கால் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள். மானத்தை விட்டுத்தான் கூப்பிட்டாள்.

"ஹெஸ்ஸல், மருந்துக்கு முன்னாடி நீ பாத்தியே. இவர்கிட்ட சொல்லுடா."

"நானா? நான் ஒண்ணும் பாக்கல."

ஆள் காரில் ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பரில் அவள் கிழங்கு தோண்டி முடித்ததும் ஹெஸ்ஸல் வாளியோடு வந்து நின்றான்.

"இன்னும் என்ன கோபம் அக்கா? அந்த வரிசைக் கிழங்கு ஒரு வாளி குடு, விதைக்கு. நல்ல ஜாதி. உங்கிட்ட கெடந்தா வீணாப் போயிடும்."

கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா மனுஷனுக்கு?

"நாளைக்கு நானே கொண்டு வரேன், போ" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவன் மேஜைமேல் பெரிய பாத்திரத்தை இறக்கினாள். ஆவி பறக்க வெந்த கிழங்கு, மேலே வெண்ணெய். அக்கா சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்கு வாயெல்லாம் பல். ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தான்.

"ஆகா, மாவா உதிருது! சரி, விதைக் கிழங்கு எங்கே?"

"அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கே."

"மிச்சம்?"

"பன்னிங்களுக்கு அவிச்சுப் போட்டுட்டேன். எட்டு வருஷத்துல மீந்தது இந்தப் பாத்திரம்தான். முழுங்கு."