கைதட்டலோடு வந்த லேப்டாப்

குமாசி நகரத்துப் பட்டறைப் பேட்டையான சுவாமே மேகஸீனில் வண்டி பழுது பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் புது பஸ்களின் மூளைக்குள் என்ன கோளாறு என்று லேப்டாப்பை மாட்டிப் பார்த்துச் சொல்ல, அந்தச் சந்தில் அகுவா பிராகோ ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்கள் கையில் இருந்ததெல்லாம் திருட்டு சாஃப்ட்வேர். பழைய வண்டி என்றால் ஏதோ ஒப்பேற்றும், புது பஸ் என்றால் திருதிருவென்று முழிக்கும். பிராகோ நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அசல் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அது அவள் பேரில், அவளுடைய அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும்.

அந்த லைசென்ஸை நம்பித்தான் எல்லாமே. குமாசியிலிருந்து தமாலேக்கு ஓடும் பஸ் கம்பெனி, தன் வண்டிகளைப் பார்க்கும் வேலையை ஒரே பட்டறைக்கு மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தது. அசல் லைசென்ஸ் கட்டாயம். கம்பெனி மேனேஜர் அட்டோபிரா திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கப் போகிறார். வேலை பிராகோவுக்குத்தான் என்று சந்து முழுக்கப் பேச்சு. குவாபெனா ட்வுமாசி மாஸ்டருக்கு மட்டும் அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாகக் குத்தியது. சந்தின் சங்கத் தலைவர் அவர். யாருக்கு எந்தக் கொட்டகை என்று முடிவு பண்ணுகிறவரும் அவர்தான்.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். தரையில் சாராயம் ஊற்றி முன்னோர்களைக் கும்பிட்டு முடித்ததும் மாஸ்டர் எழுந்தார். கையில் பளபளவென்று ஒரு பெட்டி.

"நம்ம சந்துப் பொண்ணு திங்கக்கிழமையிலேருந்து பெரிய இடத்துக்குப் போகப்போகுது. அந்த ஓட்டை டப்பாவத் தூக்கிக்கிட்டு மேனேஜர் முன்னாடி நின்னா யாருக்கு அசிங்கம்? நமக்குத்தானே! இந்தாம்மா, இந்த வருஷத்துப் புது லேப்டாப்பு. அண்ணன் குடுக்குறேன்!"

கைதட்டல் தகரக் கூரையைப் பிய்த்தது. பிராகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் பொறாமை பிடிச்சவன்னு நினைச்சோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. பாவி, அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை அப்புறத்துக்கு மிச்சம் வைத்திருக்கலாம்.

மேகஸீனில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் கொடுத்த பொருளைச் சபையிலேயே பிரிக்க வேண்டும், அங்கேயே பயன்படுத்திக் காட்ட வேண்டும். அதுவரை வைத்திருந்த பழசை அங்கேயே விட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றால் கொடுத்தவன் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

"மாஸ்டர், லைசென்ஸ மாத்துறது கொஞ்சம் நிதானமா செய்யணும். நாளைக்கு உக்காந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ஏம்மா, வீட்டுக்குக் கொண்டுபோயி வித்துப்புடலாம்னு பாக்குறியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்துக் கொட்டகை வெல்டர் இட்ரிசு மட்டும் சிரிக்கவில்லை. "அவளுக்குத் தெரியும் அவ வேலை. விடுங்க மாஸ்டர்" என்றான்.

"நீ இரும்பை ஒட்டுடா. வாயையும் சேத்து ஒட்டிக்க."

மறுபடி சிரிப்பு. பிராகோவுக்குக் காது சூடானது. போனிலிருந்து நெட் எடுத்து, பழைய லேப்டாப்பில் லைசென்ஸை விடுவிக்கும் பக்கத்தைத் திறந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்று சிவப்பில் போட்டிருந்தது. அதுக்குக் கீழே, புதுக் கம்ப்யூட்டர் எங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா என்ற கேள்வி, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அந்தப் பட்டியல் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். திறந்து படிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். ஆனால் நாற்பது பேர் சுற்றி நின்று "அமுக்கு! அமுக்கு!" என்று தாளம் போடுகிறார்கள். புதுசுதானே, பழசை விட நல்லாத்தானே ஓடும் என்று நினைத்தாள். கட்டத்தில் டிக் போட்டாள். அமுக்கினாள்.

லைசென்ஸ் புது லேப்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பேர் திரையில் வந்ததும் ஊரே ஆடியது. ட்வுமாசி பழைய லேப்டாப்பைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இது சங்க ஆபீசுக்கு" என்றார். அதையும் கைதட்டி ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகையில் நின்ற ஒரு வேனில் மாட்டிப் பார்த்தாள். சாஃப்ட்வேர் திறந்தது, வண்டியைத் தொட்டதும் செத்தது. 'இந்த பிராசஸருக்கு ஆதரவு இல்லை.' அணைத்துவிட்டுப் போட்டாள். அதே வரி. சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவிப் பக்கத்துக்கு எழுதினாள். தானாக ஒரு பதில் வந்து விழுந்தது: இந்த மாடலுக்கு ஆதரவு தரும் திட்டம் இப்போது இல்லை, அடுத்து லைசென்ஸ் மாற்றக்கூடிய நாள் அடுத்த வருஷம் இதே தேதி, கோளாறு பதிவை இணைத்து அனுப்பினால் பரிசீலிப்போம்.

கோளாறு பதிவைத் திறந்தாள். இன்றைக்கு வந்த வரிகள் இருந்தன. அதுக்கு மேலே, மூணு வாரத்துக்கு முந்தின தேதியில், அதே 'ஆதரவு இல்லை' ஆறு தடவை இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் சோதித்துப் பார்க்கும் இலவசப் பதிப்பில் ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டியவர் பேர்: ட்வுமாசி.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாஸ்டர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கெங்கி என்கிற புளித்த சோள உருண்டையைப் பொரித்த மீனோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதானே குடுத்தீங்க?"

அவர் திரையை எட்டிப் பார்த்தார். மென்றதை முழுங்கினார். "அட, இதெல்லாம் எழுதி வச்சுக்குமா அது? அழிச்சிருக்கணும்."

"அடப்பாவி! உங்களுக்கு நான் என்னய்யா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. முன்னாடி போயிட்ட. அவ்வளவுதான்." விரலை நக்கினார். "போயி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. குடுத்தது நானு. கை தட்டுனது ஊரு. அமுக்குனது யாரு?"

அவளுக்கு அந்தக் கட்டத்தில் டிக் போட்ட விரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது. இட்ரிசு ஓடிவந்து அவளைக் கூட்டிப்போனான். சங்கத்தில் பேசலாம் என்றான். யார் முன்னால் பேசுவது? கொட்டகைச் சாவி அவர் இடுப்பில்.

திங்கட்கிழமை காலை அட்டோபிரா ஒரு பஸ்ஸோடு வந்தார். சங்கத் தலைவரைப் பார்க்க நேராக மாஸ்டர் கொட்டகைக்குப் போனார். அங்கே மேசைமேல் பிராகோவின் பழைய லேப்டாப் திறந்திருந்தது. அதுக்குப் புதுசாக ஒரு அசல் லைசென்ஸ், ட்வுமாசி பேரில். பழைய மெஷினில் அது வெண்ணெயாக ஓடும் என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் மாஸ்டருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: பஸ்ஸில் மாட்டினால் திரையில் வரும் கோளாறுக் குறிகளுக்கு அர்த்தம் சொல்லத் தெரியாது.

பிராகோவுக்கு ஆள் அனுப்பினார். தினக்கூலிக்கு வருகிறாயா, கொட்டகையைக் காலி பண்ணுகிறாயா என்று கேட்டு வரச் சொன்னாராம். "போகாத. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேளு" என்றான் இட்ரிசு. கேட்டுவிட்டு எங்கே போவது? இன்னொரு லைசென்ஸுக்கு இன்னும் நாலு வருஷம். பிராகோ போனாள்.

தன் விரல் பட்டுத் தேய்ந்த எழுத்துகள் முன்னால் உட்கார்ந்தாள். பஸ்ஸில் மாட்டினாள். மூணு கோளாறு வந்தது. மூணையும் தப்பில்லாமல் சொன்னாள். பொய்யாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றத்தான் தோன்றியது. அந்த பஸ்ஸில் தமாலே வரைக்கும் ஜனம் உட்கார்ந்து போகும். நாக்கு வரவில்லை.

அட்டோபிராவுக்கு ரொம்ப திருப்தி. "கெட்டிக்காரப் பொண்ணு. யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"எங்ககிட்டதான்" என்றார் மாஸ்டர், அவள் தோளில் கையைப் போட்டு. "முந்தாநாள்தான் இவளுக்குப் புது லேப்டாப் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். இப்ப தினக்கூலிக்கு வேலையும் போட்டுக் குடுத்திருக்கேன். கூடப் பொறந்தவன் செய்வானா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சனிக்கிழமை கை தட்டிய அதே ஆட்கள்.

"இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா" என்றார் அட்டோபிரா. "என்ன, வாயத் திறந்து ஒரு நன்றி சொல்ல மாட்டியா?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். தோளில் இருந்த கை இறுகியது.

"நன்றி மாஸ்டர்" என்றாள் பிராகோ.

"சத்தமா சொல்லும்மா. வெளியில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னாள்.