சேறு மேலே வந்த சிப்பிகள்

"மேடம், இந்தக் கல்லுல மேல் எது, கீழ் எது?"

கல் அறுக்கிறவர் கேட்டபோது அவள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியை ஆகி ஆறு வருஷமாகிறது. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லும் வழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

"அம்புக்குறி போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"அம்பு நல்லாத் தெரியுது மேடம். சிப்பிதான் அதுக்கு ஒத்து வரமாட்டேங்குது."

நிலவியல் துறையின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு கல்லை நெடுக்காக அறுத்துப் பாலிஷ் போடச் சொல்லியிருந்தாள். பல கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த வட்டாரம் முழுக்க ஆழமில்லாத கடல். அந்தக் கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கிப் போனது என்று எழுதிப் பெயர் வாங்கியவள் அவள்தான். தரையில் துளைபோட்டு எடுத்த கல் உருளைகள் இருபத்திரண்டு பெட்டி இருந்தன. அடியில் பவளம், நடுவில் சேறு, உச்சியில் கரைமணல். பவளம் வளர்ந்த இடத்தில் கடைசியில் கரையே வந்து உட்கார்ந்திருக்கிறதென்றால் தண்ணீர் விலகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பட்டமும் வேலையும் அந்த ஒரே கட்டுரையில் கிடைத்தன.

டீயை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

செத்த சிப்பிக்குள் சேறு புகுந்து பாதி வரைக்கும் படியும். மிச்ச இடத்தைப் பிற்பாடு வெள்ளைப் படிகம் வந்து அடைக்கும். கொத்தனாரின் ரசமட்டம் மாதிரிதான் அது. எத்தனை கோடி வருஷம் கழித்துப் பார்த்தாலும் சேறு இருக்கும் பக்கம் கீழ், வெள்ளை இருக்கும் பக்கம் மேல். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவளே நடத்தும் பாடம். அறுத்த கல்லில் பதினோரு சிப்பிகள் இருந்தன. பதினொன்றிலும் சேறு மேலே இருந்தது. ஒன்றிரண்டு என்றால் அலை புரட்டிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். பதினொன்றும் கூடிப் பேசிவைத்துக்கொண்டா புரளும்?

கல்லைத் தலைகீழாகத் திருப்பினாள். எல்லாம் சரியாக உட்கார்ந்துகொண்டது.

"மத்த பெட்டியைத் திறங்க" என்றாள்.

நாலு பெட்டிக் கற்களை அறுத்தார்கள். நாலிலும் அதே கதை. லாரியில் வந்த அன்று மழையில் பெட்டி எண்களெல்லாம் கரைந்து போயிருந்தன. யாரையும் கேட்காமல், பவளம்தான் அடியில் இருக்கும் என்று தானே முடிவு கட்டி, புது எண்ணும் அம்புக்குறியும் போட்டது யார்? அவள்தான்.

மணல் கீழே, பவளம் மேலே. அப்படியானால் கடல் பின்வாங்கவே இல்லை. உள்ளே ஏறி வந்திருக்கிறது. இதைத்தானே அக்கா சொன்னாள்!

அக்காவும் இதே படிப்புதான். பெட்டிக் கல்லை நம்பாமல் பக்கத்து மலையில் மூன்று வருஷம் ஏறி இறங்கி, கடல் ஏறி வந்தது என்று கண்டுபிடித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாநாட்டில், இருநூறு பேர் முன்னால், தங்கையான இவள் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "எங்க அக்கா பார்த்த மலை மடிஞ்சு, அடுக்கெல்லாம் குப்புறப் புரண்டு கிடக்கு. அது தெரியாம தலைகீழா நின்னு படிச்சிருக்காங்க." அரங்கமே சிரித்தது. அக்கா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுடைய தற்காலிக வேலையைப் புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை. இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நல்லது கெட்டதுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளும் உறவாகிவிட்டது.

கல் அறுக்கிறவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மேடம், அம்பை அழிச்சுட்டு, சிப்பி இல்லாத கல்லா ஒண்ணு பாலிஷ் போட்டுடட்டுமா? ஒரு மணி நேர வேலை. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

நல்ல மனுஷர், உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். அவளும் 'சரி' என்று சொல்ல வாயெடுத்தாள் என்பதை மறைப்பானேன். அது அவளுக்கே பயமாக இருந்தது. வெளியே வந்து போனை எடுத்தாள்.

"கிளட்ச்சை விடாதீங்க, விடாதீங்க! ஓரமா நிறுத்துங்க" என்று அக்காவின் குரல் கேட்டது. பிறகு, "என்ன, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. என் பெட்டிக் கல்லெல்லாம்... நான் தலைகீழா அடுக்கிட்டேன். சிப்பியில சேறு மேல இருக்கு. நீ சொன்னதுதான் சரி."

வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உன் கட்டுரையில மூணாவது படம். சிப்பியோட ரெண்டு ஓடும் சேர்ற கீலைக் காட்டப் போட்டிருந்தே. அதுலயே சேறு மேலதான் இருந்துது. மாநாடு முடிஞ்ச அடுத்த மாசம் அச்சுல வந்துதே, அன்னைக்கே பார்த்துட்டேன்."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷம். அம்மா போன அன்று இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கும் அக்காவுக்கு இது தெரியும்!

"ஏன்க்கா சொல்லல? உன் வேலையே போச்சே!"

"சொன்னா உன் பட்டம் போயிருக்கும். முதல்ல அதுக்காகத்தான் பேசாம இருந்தேன், பொய் சொல்லல. அப்புறம் நீயே பார்த்துட்டு போன் பண்ணுவியேன்னு இருந்தேன். ஒரு மாசம் பார்த்தேன். ஒரு வருஷம் பார்த்தேன். அதுக்கப்புறம் வீம்பு. இவ எப்பத்தான் தன் கல்லைத் தானே பார்க்கிறான்னு பார்ப்போம்னு விட்டுட்டேன்."

"அக்கா, மன்னிச்சிரு..."

"போன்ல வேணாம். அன்னைக்குப் போன்லயா சொன்னே? அடுத்த மாநாடு எப்ப?"

"ரெண்டு மாசத்துல. நான்தான் முதல்ல பேசறேன்."

"மைக்கைப் பிடிச்சு அங்கேயே சொல்லு. எனக்கு முன் வரிசையில ஒரு சீட்டு போட்டு வை." பிறகு வேறு பக்கம் திரும்பி, "ம், கண்ணாடியைப் பார்த்துட்டு எடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அக்கா எதற்கு வருகிறாள், தன் தலை குனிவதைப் பார்க்கவா, பக்கத்தில் நிற்கவா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.