வெள்ளிக்கிழமையை அடித்துவிடலாமா?

1

இது நான் தேடிப்போன கதை இல்லை. திருவள்ளூரில் எஸ்.பி. அலுவலகத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் பேனா இருந்தது, அவ்வளவுதான் என் குற்றம். அதைப் பார்த்து ஒரு பெண் வந்து, "சார், ஒரு மனு எழுதித் தர்றீங்களா?" என்றாள். மனு எழுத உட்கார்ந்தவன் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். புத்தி அப்படி.

அவள் பெயரைச் செண்பகம் என்று மாற்றியிருக்கிறேன். புதுவாயலில் குடியிருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை.

2

தொடக்கம்: 'சுமலதா ஒரு மோசக்காரி. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவள் செண்பகத்தின்—'

வேண்டாம். அன்றே என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு தொடக்கம்: செண்பகத்தின் கணவன் உருக்காலை விபத்தில் செத்துப்போனதற்கு நஷ்டஈடாக நாலு லட்சம் வந்தது. மகள் நந்தினியின் நர்சிங் படிப்புக்கென்று வைத்திருந்தாள். ஜங்ஷனில் நாஷ்டா கடை போடப்போவதாகச் சொல்லி, பக்கத்து வீட்டு சுமலதா அதைக் கைமாற்றாகக் கேட்டாள். செண்பகம் கொடுத்தாள். கடை திறக்கவேயில்லை. ஒரு மாதத்தில் சுமலதா வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். போன் ஸ்விட்ச் ஆஃப். நந்தினி இப்போது காலேஜுக்குப் பதில் கம்பெனி பஸ்ஸில் போகிறாள்.

இதில் ஒன்றும் பொய் இல்லை. ஒரு கிழமை மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

3

[செண்பகம் பணத்தை எடுத்து நீட்டியது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். சுமலதா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐய, இன்னாக்கா நீ? வெள்ளிக்கெழம, வெளக்கு வச்சப்பறம் யாராச்சும் டப்பு குடுப்பாங்களா? உங்க ஊட்டு லட்சுமி பூடும். நாளிக்கு வாங்கிக்கிறேன்." மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்துதான் வாங்கிக்கொண்டாள். செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதி வாங்கத் தோன்றவில்லை.]

4

புதுவாயலுக்கான ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டரிடம் செண்பகம் இதையும் சேர்த்தே சொன்னாள். ஓடிப்போனவளைப் பற்றியும் அநியாயமாகப் பேச அவளுக்கு வராது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "ஏம்மா, குடுத்த பணத்த வாணாம்னு போனவ ஏமாத்த வந்தவளா? வாங்குறப்பவே திருப்பித் தரக்கூடாதுன்னு நெனச்சிருந்தாதான் சீட்டிங், மோசடி கேஸ். அப்பால மனசு மாறியிருந்தா அது வெறும் கடன். சிவில் கேஸ் போடு." அதன் பிறகுதான் எஸ்.பி.க்கே மனு கொடுக்க வந்திருக்கிறாள்.

(நானூற்றிருபது என்று நாம் திட்டுகிற பிரிவுக்கு நம்பர் மாறிவிட்டது. கேள்வி மாறவில்லை: வாங்கிய நேரத்தில் மனதில் என்ன இருந்தது? அடக் கடவுளே, இது கதை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி! ஒரே வரியில் சுமலதாவின் மனதுக்குள் போய், அந்தச் சனிக்கிழமை காலை அவள்... போக முடியவில்லை. இத்தனை வருடமாகக் கூசாமல் அடுத்தவர் மண்டைக்குள் நுழைந்தவனுக்கு இந்த வாசலில் கால் எழவில்லை. ஒரு வரியில் ஒருத்தி ஜெயிலுக்குப் போவாள்.)

5

டீக்கடையில் நின்றிருந்த வக்கீல் குமாஸ்தா துளசிராமன் நான் எழுதியதை எட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கெழமைய எடுத்துடு சார். மீதி நிக்கும். போலீஸ் கூப்ட்டு மெரட்டுனா பாதியாச்சும் வரும்."

"எட்த்துடுங்க சார்," என்றாள் செண்பகம். நான் அடிக்கப்போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் எம்பொண்ணு கேக்குறா சார், நீ எத்தப் பாத்து அவளுக்குக் குடுத்தம்மான்னு. பதில் சொல்ல எங்கிட்ட அது ஒண்ணுதான் சார் கீது. அதையும் அடிச்சுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஊட்டுக்குப் போவேன்?"

அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது.

6

முடிவு ஒன்று: அடித்தாயிற்று. சுமலதாவைப் பிடித்துவிட்டார்கள். பணத்தில் பாதி வருகிறது. "அவ மோசக்காரின்னு உனக்கு மட்டும் தெரியலையாம்மா?" என்று நந்தினி—

முடிவு இரண்டு: அடிக்கவில்லை. மனு அதே ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகிறது. நந்தினி அதே பஸ்ஸில்—

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். இரண்டின் கடைசி வரியிலும் நந்தினி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பது அதனால்தான். எனக்குத் துணிவில்லை. அடிப்பதானால் நீங்கள் அடியுங்கள், ஆனால் சீக்கிரம். மனு வாங்கும் கவுண்டரை மூடப்போகிறார்கள். செண்பகம் கையெழுத்துப் போடாமல் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.