‘ஒரு தாய்’ எழுதிய புத்திமதி

ராஜபாளையம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானதுரை, கலியாணத்துக்கு முன்பிருந்தே சபையின் மாதப் பத்திரிகையில் மனைவிமாருக்குப் புத்திமதி எழுதிவந்தார். கீழே ‘ஒரு தாய்’ என்று பெயர் போட்டிருக்கும். ரசத்தில் புளி கூடிப்போனால் என்ன செய்வது, வேட்டியில் பட்ட வாழைக்கறையை எப்படிப் போக்குவது என்பதையெல்லாம் தம் அம்மாவிடம் கேட்டு எழுதினார். மற்றதெல்லாம் சொந்த யோசனை. ‘களைத்து வரும் புருஷனிடம் உன் நோவைச் சொல்லாதே, சிரித்த முகத்தோடு எதிர்கொள்’ என்று எழுதியபோது அவருக்கு இருபத்துமூன்று வயது.

1934இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் பரிபூரணத்தைக் கட்டினார். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அந்தப் பக்கத்தை விடாமல் வாசித்தவள். எழுதுவது யார் என்று தெரிந்த அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஒரு தாய்க்கு மீசை இருக்கும்னு எங்க வீட்டுல யாருக்குமே தெரியாதே!”

ஆனாலும் அதில் இருந்தபடியேதான் குடும்பம் நடத்தினாள். அவருக்கு அதில் பெருமையும் இருந்தது.

மறு வருஷம் அவளுக்கு ஏழாம் மாதம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அடுப்படியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார். பரிபூரணம் தரையில் கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் ஓடி வந்தாள்.

“ஒரு வாரமா தலவலி மண்டையப் பொளக்குதுன்னு கெடந்தாளே வாத்தியாரய்யா. கண்ணு மங்குதுன்னா. காலு பாருங்க, எம்புட்டு வீங்கியிருக்குன்னு!”

“எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே?”

“சொல்லப்போன என்னயும் தடுத்துப்போட்டா. அவியளே களைச்சு வாராக, பொறவு பாத்துக்கிடலாம்னா.”

மாட்டு வண்டி பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இன்னும் இரண்டு தடவை இழுத்தது. அவளை மீட்டுவிட்டார்கள். ஆண் குழந்தை செத்தே பிறந்தது.

கண் விழித்தபோது அவள் முதலில் கேட்டது, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்றுதான். அவர் வராந்தாவுக்குப் போய், சுவரில் முகத்தை வைத்து அழுதார்.

அந்த மாதம் பத்திரிகைக்கு அவர் எழுதியனுப்பியதில் சமையல் இல்லை. ‘நோவை மறைக்கச் சொன்னது தப்பு. உடனே சொல்லுங்கள். இதை எழுதுகிறவன் தாயல்ல, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன்’ என்று எழுதியிருந்தார். கட்டுரை திரும்பி வந்தது. ‘உமது துக்கத்தில் பங்குகொள்கிறோம். ஆனால் இது வாசகிகளைக் கலங்கப்பண்ணும்’ என்று ஆசிரியர் குறித்திருந்தார். அதோடு ஞானதுரை எழுதுவதை விட்டார். வேறு யாரோ ‘ஒரு தாய்’ ஆனார்கள்.

பரிபூரணம் மாறவில்லை. எப்போது கேட்டாலும், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பாள். அவரால் அதை நம்ப முடியவில்லை. சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் முதலில் குருவம்மாளிடம் போய் விசாரிப்பார்.

ஒருநாள் குருவம்மாள் சொன்னாள்: “மத்தியானம் பூரா அழுதா.”

உள்ளே போனார். பரிபூரணம் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

“குருவம்மா சொல்லிட்டா,” என்றார்.

அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து, கலியாணமாகி முதல்முறையாக, அவர் பார்க்க வாய்விட்டு அழுதாள்.